சட்டசபை நமக்குச் செய்தது யாது?

(லைட்ஹவுஸ் குப்பத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் நாவன்மை மிக்கவரல்லேம். பிள்ளைகட்கு எழுத்தறிவித்து வயிறு வளர்க்கும் ஆசிரியர். எனினும், சென்ற மாதக் கூட்டத்தின் இறுதியில் எழுந்த ஒரு பேச்சு எம் உள்ளத்தை விட்டு அகலாமையின், இன்று பேச இசைந்தோம். நம் இளைஞர் சிலர் அன்று எழுந்து, “முகத்துவாரம் மணலால் தூர்ந்து கிடக்கின்றது, படகு வெளியேற வழியில்லை, விசைப்படகுகள் கரையோரம் வந்து நம் வலைகளை அறுக்கின்றன, இவற்றைத் தடுக்காத சட்டசபையால் நமக்கு யாது பயன்? இனி வருந் தேர்தலில் நம்மவர் ஒருவரும் வாக்களித்தலாகாது என்று சங்கம் தீர்மானிக்கட்டும்” என்றனர். கைதட்டலும் மிக எழுந்தது. அத்தீர்மானம் இன்றைக்கு ஒத்திவைக்கப்பெற்றுள்ளது. அதனை மறுத்துரைக்கவே யாம் வந்துள்ளோம்.

முன்னதாக ஒன்று கூறிவிடுகின்றோம். யாம் எக்கட்சியின் பொருட்டும் பேசவில்லை. ஆண்ட கட்சிகள் பல. அவற்றுட் குறையற்றது ஒன்றுமில்லை. யாம் பேசப் புகுவது, கட்சிகள் வந்து வந்து போக, நூறாண்டுக்கு மேலாக நிலைபெற்றுள்ள சட்டசபை என்னும் அவையைப் பற்றியதேயாம்.

இளைஞர் கூறிய குறைகளை வகுத்துக் காணின் அவை மூன்றாகும். சட்டசபை கூச்சலும் கைகலப்பும் நிகழும் இடம் என்பது ஒன்று. அங்கு இயற்றப்பெறுஞ் சட்டங்கள் நிலமுடையார்க்கும் நகரத்தார்க்கும் உரியன, கடலோடிக்கு உரியன அல்ல என்பது மற்றொன்று. இயற்றிய சட்டமும் ஏட்டளவில் நின்றுவிடுகின்றது என்பது மூன்றாவது. இம்மூன்றினும் உண்மை சிறிதுமில்லை என்று யாம் கூறமாட்டோம். உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று அளந்து பார்ப்போம் என்பதே எம் வேண்டுகோள்.

வாக்கு வந்த வரலாறு

வேண்டா என்று எறியப் புகும் பொருள் எவ்வாறு கைக்கு வந்தது என்பதை முதலில் அறிதல் நன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அவ்வோலையிற் பெயர் எழுதப்பெறுதற்கு உரியவர் யாவர்? வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவர், மறை பயின்றவர். முறை சிறந்ததே, ஆயின் கடலையே நிலமாகக் கொண்ட நம் முன்னோர்க்கு அக்குடத்தில் ஓலை இல்லை.

ஆயிரம் ஆண்டு கழிந்தது. 1921ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் கன்னாட் கோமகன் சென்னைச் சட்டசபையைத் தொடங்கிவைத்தார். அப்பொழுதும் வாக்குரிமை சொத்தும் வரியும் உடையார்க்கே இருந்தது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் தொகை பெருகிற்றேனும், வலையும் மரமும் மட்டுமே சொத்தாகக் கொண்டோர் பெரும்பாலும் வெளியிலேயே நின்றனர். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்னும் முறையில் முதற் பொதுத் தேர்தல் நிறைவேறிய ஆண்டு 1952. அன்றுதான் இக்குப்பத்துக் கிழவனும் கிழவியும் ஜமீன்தாரோடு ஒத்த நிறையுடைய சீட்டொன்றைக் கையில் ஏந்தினர். அதனை நாமே கிழித்தெறிவோமாயின், நம்மை முன்னர் விலக்கியவர்க்குப் பெருமகிழ்ச்சி விளைப்போம், வேறொன்றும் விளையாது.

இவ்வேரியின் மேல்கரையை நோக்குமின்! டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை இன்று முட்புதர் மண்டிய மேடாய்க் கிடக்கின்றது. அதற்குச் சில்லாண்டு பின்னர் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் எழுப்பிய புனித ஜார்ஜ் கோட்டையோ இன்றும் நிற்கின்றது; அதனுள் நாம் வாக்களித்தோர் 234 பேர் அமர்கின்றனர். இரண்டும் வணிகம் செய்ய வந்தோர் கட்டியனவே. ஒன்று மண்ணாயிற்று; மற்றொன்று மக்கள் அவையாயிற்று. இவ்வேற்றுமையை விளைத்தது கல்லும் சுண்ணமும் அல்ல, வாக்குச் சீட்டேயாம்.

முதற் குறை: கூச்சலும் கைகலப்பும்

சட்டசபையில் நாணத்தக்க நாள்கள் இருந்தனவா? இருந்தன. 1988ஆம் ஆண்டு ஜனவரியிலும், 1989ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாளிலும் அவ்வவையில் நிகழ்ந்தவற்றை எவரும் பெருமையாகப் பேசார். யாமும் பேசோம்.

ஆனால் அந்த 1989 மார்ச்சு 25ஆம் நாளைப் பற்றி இன்னுமொரு செய்தி உண்டு. இந்துக் குடும்பத்திற் பிறந்த மகளுக்கும் மகனைப்போலவே பரம்பரைச் சொத்தில் சம பங்கு உண்டு என்று தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் இயற்றிற்றன்றோ? அச்சட்டம் செல்லத்தக்கதாகும் நாள் எனக் குறிக்கப்பெற்றதும் அதே 1989 மார்ச்சு 25தான். அந்நாளுக்கு முன் மணமான பெண்கட்கு அது பயன்படவில்லை என்பது குறையே. எனினும் இந்தியப் பாராளுமன்றம் நாடு முழுமைக்கும் அவ்வுரிமையை வழங்கியது 2005ஆம் ஆண்டில். பதினாறு ஆண்டு பிந்தி. ஒரே தேதி, ஒரே அவை: ஒருபுறம் அவமானம், மறுபுறம் பெண்ணுக்கு உரிமை. கூச்சலை மட்டுமே நினைவிற் கொண்டு உரிமையை மறப்பது, புயலை நினைந்து கடலையே வெறுப்பதனோடு ஒக்கும். கடலோடி அவ்வாறு செய்தலுண்டோ?

இரண்டாங் குறை: நமக்கென்ன செய்தது?

இதற்கு விடை சற்று விரிவாகக் கூறவேண்டும்.

பொதுவாகச் செய்தவற்றுட் சிலவற்றை முதலில் நினைவூட்டுகின்றோம். பெண்கட்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானத்தை 1921ஆம் ஆண்டிலேயே சென்னைச் சட்டசபை நிறைவேற்றிற்று. இந்திய மாகாணங்களுள் அதுவே முதல். பொதுக் கிணறும் பொதுச் சாலையும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவ்வவையிற் கொண்டுவந்தார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய முயற்சி 1947ஆம் ஆண்டில் சட்டமாக முடிந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியதும், ‘தமிழ்நாடு’ எனப் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேற்றியதும் 1967இல். இவற்றை நீதிக்கட்சி, காங்கிரஸ், தி.மு.க. எனப் பல கட்சியார் ஆண்ட காலங்களில் அவ்வவை செய்துவந்துள்ளது. கட்சி வேறு, அவை வேறு என்று யாம் முன்னர்க் கூறியதன் பொருள் இதுவே.

“இவை ஊராருக்கு, நமக்கு?” என்பீர்கள். எமக்கு நிகழ்ந்ததனையே கூறுகின்றோம். யாம் சிறுவராயிருந்த காலத்தில் எம் அன்னையார் விடியுமுன்னே மீன்கூடையைத் தலையிற் சுமந்து படகேறிப் பழவேற்காட்டுக்குச் செல்வார்; விற்று வீடு திரும்ப வெயில் தாழும். அடுப்பு மூட்டுவது மாலையிலேதான். பகற்பொழுதில் எம் பசியை ஆற்றியது பள்ளிக்கூடத்துச் சத்துணவே. காமராசர் 1956ஆம் ஆண்டளவில் தொடங்கிய மதிய உணவை, 1982ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். அன்றும், “இத்துணைப் பணத்தைச் சோற்றில் கரைப்பதா?” என்று பழித்தவர் உண்டு. ஆண்டுதோறும் அப்பணத்தை மானியமாக வாக்களித்து வழங்கியது சட்டசபை. பசியோடிருந்த மாணவன் எழுத்துக் கற்று, இன்று உங்கள் முன் எழுந்து நிற்கின்றானெனின், அதிலே அவ்வவைக்கும் ஒரு பங்கு உண்டு. யாம் நன்றி மறத்தல் தகுமோ?

இனிக் கல்வி, வேலை. மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு நூற்றுக்கு 20 இடம் என்னும் தனிப் பிரிவு 1989ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. பட்டினவர், செம்படவர், பர்வதராஜகுலத்தார் ஆகிய மீனவர் அப்பிரிவில் உள்ளனர். மொத்த இடஒதுக்கீடு நூற்றுக்கு 69 என்பதற்கு இடையூறு நேர்ந்தபோது, 1993ஆம் ஆண்டில் சட்டசபை அதனைத் தனிச் சட்டமாக இயற்றியது. 1994ஆம் ஆண்டில் அச்சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையிற் சேர்க்கப்பெற்றது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கு ஏழரை இடம் முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. நம் பிள்ளைகள் பயிலுமிடம் அரசுப் பள்ளியே என்பதை நினைமின்! மீன்வளத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைக்கும் சட்டம் 2012இல் நிறைவேறிற்று. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி ஒன்று நடைபெறுகின்றது. அதில் நம் குப்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தனர் என்று கேட்கவேண்டியது சட்டசபையையா, நம்மையா?

கடலைப் பற்றிய சட்டங்கள் இரண்டு. 1970ஆம் ஆண்டுகளில் விசைப்படகும் இழுவலையும் பெருகிய காலத்து, கட்டுமரக்காரர்க்கும் அவர்க்கும் நடுக்கடலில் நேர்ந்த பூசல்களை நம் பெரியோர் அறிவர். அதன்பின் 1983ஆம் ஆண்டில் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடித்தலாகாது என்று அது வகுத்தது. 2001ஆம் ஆண்டு முதல் மீன் இனம் பெருகுங் காலத்து விசைப்படகுகட்குத் தடை உண்டாயிற்று; 2017 முதல் அத்தடை ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் நீடிக்கின்றது. பின்னர், 2007ஆம் ஆண்டில் மீனவர்க்கும் மீன்பிடித் தொழிலைச் சார்ந்த தொழிலாளர்க்கும் சமூகப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் இயற்றப்பெற்று, நலவாரியம் அமைந்தது.

அவ்வவையில் நம்மைப் போன்ற கடற்கரை மக்கள் அமர்ந்ததே இல்லை என்று எண்ணற்க. 1957ஆம் ஆண்டில் குளச்சலிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்ற லூர்தம்மாள் சைமன் என்னும் கடற்கரைச் சமூகத்துப் பெண்மணியார் காமராசர் அமைச்சரவையில் மீன்வளத் துறையை நடத்தினார். வாக்கை எறிந்திருந்தால் அவர் அங்கே சென்றிருத்தல் கூடுமோ?

சட்டசபையாற் செய்ய இயலாதனவும் உள. கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடித் தொழில் மத்திய அரசின் அதிகாரத்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி செலுத்தும் நாள்களில் நாம் கடலுக்குச் செல்லலாகாது என்னும் கட்டளை கோட்டையிற் பிறப்பதன்று. நம்மைப் பழங்குடிப் பட்டியலிற் சேர்க்கவேண்டும் என்னும் கோரிக்கைக்குச் சட்டம் செய்யவேண்டியது பாராளுமன்றம். இவ்வேரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்ததாகலின், எல்லைப் பூசல் ஓர் அவையால் மட்டும் தீராது. வடக்கே வீசவேண்டிய வலையைத் தெற்கே வீசிவிட்டு மீன் இல்லை என்று வைதல் நியாயமன்று.

மூன்றாங் குறை: ஏட்டளவிற் சட்டம்

இக்குறையே வலியுடையது. விசைப்படகுகள் எல்லை மீறி வருதலை நாம் கண்ணாற் காண்கின்றோம். சட்டம் உண்டு, காவல் போதாது என்பது உண்மை. இதனை யாம் மறுக்கவில்லை.

ஆயினும் ஒன்று கேட்கின்றோம். இவ்வேரியில் பாட்டு முறை தொன்றுதொட்டு நடந்துவருகின்றது. எந்நாளில் எவர் எப்பாட்டில் வலைகட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைக்கின்றோம். அம்முறையை மீறி ஒருவன் வலைகட்டினால் யாது செய்கின்றோம்? “பாட்டு முறையே பயனற்றது, அதனைக் கைவிடுவோம்” என்கின்றோமா? இல்லை. மீறினவனைப் பஞ்சாயத்தார் முன் நிறுத்தித் தண்டம் விதிக்கின்றோம். விதி இருப்பதனாலன்றோ அவனை மீறினவன் என்கின்றோம்? விதியில்லையேல் அவன் வலியவன், நாம் எளியவர், அவ்வளவே. 1983ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குக் கொடுத்தது அந்தச் சொல்லை: கரையோரம் வந்து வலையறுப்பவன் வலியவனல்லன், குற்றவாளி என்னும் சொல்லை.

சொல்லாற் பயனுண்டோ எனின், எம் அனுபவம் ஒன்று கேண்மின். சில ஆண்டுகட்கு முன் கடலிற் கணவனை இழந்த ஒரு சகோதரியை நலவாரிய உதவியின் பொருட்டு ஓர் அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றோம். அக்காகிதம் இல்லை, இக்காகிதம் இல்லை என்று மும்முறை திருப்பியனுப்பினர். ஒவ்வொரு முறையும் அவ்வம்மைக்கு ஒருநாட் கூலியும் பேருந்துக் கட்டணமும் வீணாயின. நான்காம் முறை, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் படி ஒன்றைக் கையிற் கொண்டு சென்று, “இதன்படி எக்காகிதம் குறைகின்றது? எழுதிக் கொடுங்கள்” என்று பணிவாகக் கேட்டோம். எழுத அவர்களால் இயலவில்லை, மனு ஏற்கப்பெற்றது. அன்று அந்த அம்மையார் கண்ணீர் மல்க, “வாத்தியாரே, இந்தத் தாளு முன்னமே இருந்துச்சா?” என்று வினவினார். இருந்தது, அம்மையீர்! நாம்தாம் எடுத்துப் படிக்கவில்லை. ஏட்டில் உறங்குவது சட்டத்தின் குற்றமாயின், அதனை எழுப்பாதது நம் குற்றம்.

முகத்துவாரத்தின் பொருட்டு இனிச் செய்யவேண்டியதும் இதுவே. சட்டசபையில் மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. அதற்கு நாம் மனு அனுப்பலாம். அமைச்சர் அவையிற் கூறிய வாக்குறுதி நிறைவேறிற்றா என்று ஆராய உறுதிமொழிக் குழு உண்டு. செலவிட்ட பணத்தை ஆராயப் பொதுக் கணக்குக் குழு உண்டு. உத்தரமேரூரில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடத்தில் ஓலையிடப் பெறார் என்று விதித்தனர். கணக்குக் கேட்கும் அவ்வுரிமை இன்று நம்முடையது. வாக்களித்தவனே கணக்குக் கேட்க வல்லவன். வாக்கை விற்றவனும் வாக்கை எறிந்தவனும் எந்த முகத்தோடு கேட்பர்?

நம் அவை எந்நிலையில் உள்ளது?

பெரியோர்களே! இறுதியாகக் கூறுவது சிலர்க்குக் கசக்கலாம், பொறுத்தருள்க. கோட்டையிலுள்ள அவையைக் குறை கூறும் நாம், குப்பத்திலுள்ள நம் அவையை ஒருமுறை நோக்குவோம். 1921இல் சென்னைச் சட்டசபை பெண்களை வாக்காளராக ஏற்றது. 2016இல் உள்ளாட்சிப் பதவிகளிற் பாதி பெண்கட்கு உரியது என்று தமிழ்நாட்டுச் சட்டசபை விதித்தது. நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இன்றுவரை ஒரு பெண் உண்டோ? ஊர்ப் பஞ்சாயத்தில், மீன் விற்றுக் குடும்பம் காக்கும் தாய்மார் ஒருவர் அமர்ந்ததுண்டோ? பாட்டுச் சீட்டில் விதவையின் பெயர் உண்டோ? இல்லையே! இதோ இன்றும் அவர்கள் பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கின்றனர்.

சட்டசபை பிந்திற்று என்று பழிக்கும் நாம், அதனினும் நூறாண்டு பிந்தி நிற்கின்றோம். இதனை எண்ணியே, தேர்தலைப் புறக்கணிக்கும் தீர்மானத்திற்கு மாறாக யாம் மூன்று தீர்மானங்களை இவ்வவையின் முன் வைக்கின்றோம்:

முதலாவது, முகத்துவாரத்தைத் திறந்து நிலையாகக் காக்கவேண்டி, குப்பத்தார் அனைவரும் கையொப்பமிட்ட மனுவொன்றைச் சட்டசபை மனுக்கள் குழுவிற்கும் நம் தொகுதி உறுப்பினர்க்கும் அனுப்புதல்.

இரண்டாவது, 1983, 2007ஆம் ஆண்டுச் சட்டங்களின் தமிழ்ப் படிகளைச் சங்க அலுவலகத்தில் வைத்து, மாதமொருமுறை படித்துப் பொருள் கூறுதல். அப்பணியை ஊதியமின்றி யாம் ஏற்கின்றோம்.

மூன்றாவது, சங்க நிர்வாகக் குழுவில் இவ்வாண்டு முதலே பெண்கட்குச் சரிபாதி இடம் அளித்தல்.

இளைஞர்களே! உங்கள் சினத்தை யாம் இகழவில்லை. சென்னைக் கடற்கரையில் 1923ஆம் ஆண்டில் மே தினக் கொடியேற்றிய சிங்காரவேலர் மீனவர் குலத்திற் பிறந்தவரே, அவரும் சினந்தவரே. ஆனால் அவர் சினம் கூட்டத்தை ஒன்று சேர்த்தது. வீட்டுக்குள் முடங்கச் செய்யவில்லை. கலங்கரை விளக்கம் படகைக் கரை சேர்ப்பதில்லை. கரை இருக்குமிடத்தைக் காட்டுகின்றது. துடுப்பு வலிப்பவன் படகோடியே. விளக்கின்மீது சினந்து துடுப்பைக் கடலில் எறிபவனை இக்குப்பத்தில் அறிவுடையான் என்பார் எவருமிலர்.

தீர்மானங்களை ஆண்களும் பெண்களும் ஒருங்கே கையுயர்த்தி முடிவுசெய்ய வேண்டும் என்று அவைத் தலைவரை வேண்டி அமர்கின்றோம். பின்வரிசைத் தாய்மார் முன்வரிசைக்கு வருக!